மல்லிகைத் தேயிலை ஊறிய ஜின்: மே மாத விருந்துக்கு முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

ரொறன்ரோவில் ஜாக்கெட் இல்லாமல் வெளியே உட்காரக்கூடிய முதல் சனிக்கிழமை பெரும்பாலும் மே மாதத்தில்தான் வாய்க்கும். அன்று எங்கள் வீட்டுப் பின்வளவில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவது சில ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. மல்லிகைத் தேயிலையை ஜின்னில் ஊறவைத்து, எலுமிச்சைச் சாறும் சீனிப்பாகும் சோடாவும் சேர்த்து ஒரு காக்டெய்ல் கலக்குவேன். மேசையில் முதலில் காலியாவது அந்த ஜக்தான். அதன் பிறகு ஒரு வாரத்துக்குக் கைபேசியில் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் களைத்துவிட்டதால், பதில்களை ஒரே இடத்தில் வைத்துவிடுகிறேன்.

கதை பிறகு. முதலில் அளவைச் சொல்லுங்கள்.

12 பேருக்கு, ஆளுக்கு ஒரு கோப்பை என்ற கணக்கு இது.

ஜின் 600 மி.லி., அதில் ஊறவைக்க மல்லிகைப் பச்சைத் தேயிலை 14 கிராம். வடிகட்டும்போது இலை கொஞ்சம் ஜின்னைக் குடித்துவிடும். கையில் சுமார் 540 மி.லி. மிஞ்சும். எலுமிச்சைச் சாறு 240 மி.லி.; கடையில் கிடைக்கும் பெரிய மஞ்சள் எலுமிச்சை ஆறு பிழிந்தால் போதும். 150 கிராம் சீனியை 150 மி.லி. வெந்நீரில் கரைத்து ஆறவைத்தால் தேவையான 240 மி.லி. பாகு கிடைக்கும். அதே மல்லிகைத் தேயிலை 8 கிராமை 650 மி.லி. குளிர்ந்த தண்ணீரில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்து வடித்தால் குளிர்தேநீர் 600 மி.லி. வரும். கடைசியாக, நன்றாகக் குளிர்ந்த சோடா 720 மி.லி.

சோடா தவிர மற்ற எல்லாவற்றையும் பெரிய ஜக்கில் கலந்து இரண்டு மணி நேரம் குளிரவையுங்கள். பரிமாறும்போது கோப்பையில் ஐஸ் கட்டி போட்டு, முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கலவையை ஊற்றி, மேலே சோடா சேருங்கள். சோடாவை ஜக்கிலேயே ஊற்றிவிட்டால் மூன்றாவது விருந்தினர் வருவதற்குள் நுரை செத்துவிடும்.

தேயிலையைத் தராசில் நிறுங்கள். கரண்டிக் கணக்கு இங்கே உதவாது. கையால் உருட்டிய முத்துத் தேயிலை ஒரு கரண்டிக்கு நிறையப் பிடிக்கும். விரிந்த இலை கரண்டியில் காற்றாகத்தான் நிற்கும்.

எவ்வளவு நேரம் ஊறவேண்டும்? ஓர் இரவு முழுக்க வைத்தால் மணம் கூடுமா?

கூடாது. இந்தப் பானத்தில் தவறு நடப்பதற்கு இருக்கிற ஒரே இடம் இதுதான்; எனவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பழங்களை வாரக்கணக்கில் மதுவில் ஊறவைத்துப் பழகியவர்கள் தேயிலையையும் அப்படியே நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் தடவை ஒரு முழுப் போத்தலில் தேயிலையைக் கொட்டிவிட்டு உறங்கப் போனேன். காலையில் எழுந்து பார்த்தால் ஜின் பழுப்பேறி, கடுக்காய்க் கஷாயம் போல இருந்தது. மல்லிகை எங்கோ அடியில் கிடந்தது. அதன் மேல் துவர்ப்பு ஏறி உட்கார்ந்துவிட்டது.

காரணம் எளிது. மல்லிகையின் வாசனைப் பொருள்கள் மதுவில் சட்டென்று கரைபவை. இலையின் துவர்ப்பும் கசப்பும் அவற்றின் பின்னால் மெல்ல வரும், ஆனால் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். மணம் வந்துசேர்ந்து, துவர்ப்பு இன்னும் வாசலைத் தாண்டாத நேரத்தில் இலையை எடுத்துவிடவேண்டும். விரிந்த இலையென்றால் அறை வெப்பத்தில் 30 முதல் 40 நிமிடம். முத்துப் போல உருட்டியதென்றால் அது அவிழவே நேரம் எடுக்கும். ஒரு மணி நேரம் வரை விடலாம்.

கடிகாரத்தைவிட நாக்கை நம்புங்கள். 15ஆவது நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒரு தேக்கரண்டி ஜின்னை எடுத்து அதே அளவு குளிர்ந்த தண்ணீர் சேருங்கள். முதலில் முகருங்கள், பிறகு வாயில் விட்டு நாக்கின் இரு ஓரங்களையும் கவனியுங்கள். நாவற்பழம் தின்றால் நாக்கு பிடிக்குமே, அந்தப் பிடிப்பின் முதல் சாயல் தெரிகிற கணத்தில் வடிகட்டிவிடவேண்டும். தண்ணீர் சேர்க்காமல் சுவைத்தால் மதுவின் காரம் எல்லாவற்றையும் மறைத்துவிடும். பிடிப்பு தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

மணம் போதவில்லை என்று தோன்றினால் அடுத்த தடவை தேயிலையைக் கூட்டுங்கள், நேரத்தை நீட்டாதீர்கள். சீக்கிரம் ஊறட்டும் என்று ஜின்னை அடுப்பில் வைக்கும் யோசனை யாருக்காவது வந்தால், மது ஆவி தீப்பற்றக்கூடியது என்பதை நினைத்து அடுப்பை அணைத்துவிடுங்கள்.

மல்லிகைத் தேயிலை என்பது நம் மல்லிகைப் பூவா, வேறேதாவதா?

நம் மல்லிகையேதான். தலையில் சூடும் குண்டுமல்லியும் சீனத்தில் தேயிலைக்கு மணமேற்றும் பூவும் ஒரே இனம். ஃபூஜியன் மாகாணத்தின் ஃபூசோ நகரம் இதில் பழம்பெயர் பெற்றது. அங்கே மல்லிகையும் தேயிலையும் சேர்ந்து வளரும் வேளாண் முறையை ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு 2014இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுகளில் ஒன்றாகச் சேர்த்தது.

செய்முறையைக் கேட்டால் பூக்காரர்கள் உடனே தலையாட்டுவார்கள். மொட்டைப் பகலில் பறிக்கிறார்கள். மல்லிகை அந்தி சாய்ந்தபின்தான் வாய் திறக்கும். வாசனையை விடுவதும் அப்போதுதான். உலர்ந்த தேயிலை எந்த மணத்தையும் உறிஞ்சிக்கொள்ளும் குணமுடையது. (சமையலறை அலமாரியில் மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் தேயிலை டின்னைத் திறந்து வைத்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.) அவிழும் பூவையும் இலையையும் கலந்து இரவெல்லாம் கிடத்துகிறார்கள். பிறகு பூவைச் சலித்து எறிந்துவிட்டு, பூவிடமிருந்து ஏறிய ஈரம் போக இலையை உலர்த்துகிறார்கள். அடுத்த இரவுக்குப் புதுப் பூ. நல்ல தேயிலையென்றால் இந்தச் சுற்று பல தடவை நடக்கும்.

இதனால் கடையில் ஏமாறாமல் இருக்க ஒரு வழியும் கிடைக்கிறது. பொட்டலத்தில் வெள்ளை இதழ்கள் நிறையத் தெரிந்தால் பலர் அதைத்தான் உயர்ந்த சரக்கு என்று நினைக்கிறார்கள். வேலை முடிந்த பூவில் மணம் மிச்சமில்லை. பல நேரம் அது அலங்காரத்துக்காக விடப்பட்டது. வாங்கும்போது பொருட்பட்டியலைப் பாருங்கள். அதில் தனியாக ‘வாசனைச் சேர்மானம்’ என்று இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். அந்த மணம் மதுவில் இறங்கினால் சோப்பு வாடைதான் வரும்.

அப்படியானால் தேயிலை எதற்கு? நேரே பூவையே போட்டுவிடலாமே?

பூக்கடைப் பூ வேண்டாம். சரம் தொடுக்க விற்கும் பூவுக்கு என்ன மருந்து அடித்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அது தின்பதற்காக வளர்க்கப்பட்டதல்ல. உங்கள் வீட்டுச் சட்டியில் மருந்தடிக்காமல் வளர்ந்த மல்லிகை இருந்தால், கோப்பைக்கு ஒரு பூ மேலே மிதக்கவிடலாம். ஊறவைக்க நான் தேயிலையையே விரும்புகிறேன். பூ மட்டும் ஊறிய ஜின் அத்தர் போத்தல் மாதிரி மூக்கைப் பிடிக்கிறது. இலையின் மெல்லிய துவர்ப்பு பக்கத்தில் இருந்தால்தான் அந்த மணம் குடிக்கக்கூடியதாகிறது.

இங்கே வசந்தத்தில் பூக்கும் எல்லாவற்றையும் கிள்ளிப் போடும் ஆசை வரும். அதை அடக்கிக்கொள்ளுங்கள். லில்லி ஆஃப் த வேலி என்று வெள்ளை மணிகளாகத் தொங்கும் பூ கடுமையான நஞ்சு. அதை வைத்த குவளைத் தண்ணீரும் ஆபத்து. டாஃபடில், ஃபாக்ஸ்குளோவ் இரண்டும் அப்படியே. நம் ஊர் அரளியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கரோலைனா ஜாஸ்மின் என்ற மஞ்சள் பூங்கொடி பெயரில் மட்டும்தான் மல்லிகை, அதுவும் நஞ்சு.

மருந்து படாத ரோஜா இதழ், வயலட், லைலாக் மூன்றும் தின்னத்தக்கவை. லைலாக் மே மாத நடுவில் எங்கள் தெருவெல்லாம் பூக்கும். அதன் சிறு பூக்களைப் பச்சைக் காம்பு ஒட்டாமல் ஒவ்வொன்றாகக் கிள்ளி, சூடான சீனிப்பாகில் போட்டு ஓர் இரவு வைத்து வடித்தால், மல்லிகை ஜின்னோடு நன்றாகப் பொருந்தும் பாகு கிடைக்கும். காம்பு சேர்ந்தால் கசக்கும். பாகின் நிறம் ஊதாவாக இல்லாமல் மங்கலான தேன்நிறமாக வரும். அதைப் பார்த்து ஏமாற்றம் அடையாதீர்கள். பூ கிள்ள நேரம் பிடிக்கும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களை உட்காரவையுங்கள்.

பன்னீர் சேர்ப்பதென்றால் உணவுக்கென்று விற்பதாகப் பார்த்து, ஜக்குக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் போகாதீர்கள். கல்யாண வாசலில் தெளிக்கும் பன்னீர் வேறு சாதி.

எந்த ஜின் வாங்குவது?

லண்டன் டிரை என்று எழுதியிருக்கும் நடுத்தர விலை ஜின் எதுவும் போதும். ஏற்கெனவே வெள்ளரி, ரோஜா என்று மணமேற்றியதை வாங்கினால் மல்லிகையோடு சண்டை வரும். விலை உயர்ந்த போத்தலை இதற்கு உடைப்பது வீண். வோட்காவிலும் செய்யலாம், மணம் இன்னும் துலக்கமாகத் தெரியும். ஆனால் ஜின்னுக்கு அதன் மணத்தைத் தரும் ஜூனிப்பர் காய், கொத்தமல்லி விதை ஆகியவற்றின் முதுகெலும்பு அதில் இருக்காது.

எச்சரித்தும் மறந்துவிட்டேன். ஜின் கசந்துவிட்டது. கொட்டிவிடவா?

கொட்டாதீர்கள். பால் இருக்கிறதா?

பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் தேயிலையின் துவர்ப்புப் பொருளைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். பால் சேர்த்த தேநீர் நாக்கைப் பிடிக்காததற்குக் காரணமும் இதுவே. ஓர் அகன்ற பாத்திரத்தில் 150 மி.லி. முழுக்கொழுப்புப் பாலை எடுத்து, கசந்த 600 மி.லி. ஜின்னை அதற்குள் மெல்ல ஊற்றுங்கள். பாலை ஜின்னுக்குள் ஊற்றினால் உடனே திரிந்து வேலை பாதியில் நின்றுவிடும். பிறகு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றைச் சிறிது சிறிதாக விட்டு, பாத்திரத்தை லேசாக அசையுங்கள். பால் திரிந்து பஞ்சுபஞ்சாகப் பிரியும். பார்க்க அருவருப்பாக இருக்கும். பரவாயில்லை, சில மணி நேரம் அசையாமல் விடுங்கள். காப்பி வடிகட்டும் தாளில் பொறுமையாக வடித்தால் தெளிந்த, துவர்ப்பு நீங்கிய ஜின் இறங்கும். அதைக் குலுக்கினால் நுரையும் நன்றாகக் கட்டும்.

வடித்த பிறகும் பால்புரதத்தில் ஒரு பகுதி அதில் தங்கியிருக்கும். பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் பால்பொருள் தவிர்ப்பவர்களுக்கும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

எங்கள் அப்பா ஜின்னைத் தொடமாட்டார். தென்னஞ்சாராயத்தில் செய்ய முடியுமா?

முடியும், உண்மையைச் சொன்னால் பூ என்ற பேச்சுக்கு ஜின்னைவிட அதற்குத்தான் உரிமை அதிகம். விரியாத தென்னம்பாளையைச் சீவி இறக்கும் கள்ளைக் காய்ச்சி வடிப்பதுதானே இலங்கைத் தென்னஞ்சாராயம். பாளை என்பது தென்னையின் பூங்கொத்து. அந்த மது பூவிலிருந்தே வருகிறது. போத்தல் வாங்கும்போது முழுக்கத் தென்னங்கள்ளிலிருந்து வடித்ததா என்று லேபிளைப் படியுங்கள். வேறு மது கலந்தவையும் அதே அலமாரியில் நிற்கும். பத்தேவியா அராக் என்பது ஜாவாவின் கரும்புச் சரக்கு, அதையும் இதையும் குழப்பிக்கொள்ளவேண்டாம்.

இதில் தேயிலையை ஊறவைக்காதீர்கள். சாராயத்துக்கே மரப்பீப்பாய்ச் சுவை இருக்கிறது, மேலும் துவர்ப்பு ஏற இடமில்லை. நுவரெலியாத் தேயிலையை வாங்குங்கள். இலங்கைத் தேயிலைகளில் உயர்ந்த மலையில் விளைவது, நிறம் வெளிறி, பூமணம் தட்டுவது. சற்றுத் திடமாகத் தேநீர் ஊற்றி ஆறவையுங்கள். ஆளுக்குச் சாராயம் 45 மி.லி., தேநீர் 90 மி.லி., பச்சைத் தேசிக்காய்ச் சாறு 20 மி.லி., கித்துள் பாணி (கித்துள் பனையின் பாகு) 15 மி.லி. ஐஸ் போட்டுக் கலக்கி, மேலே சாதிக்காயை இரண்டு தடவை துருவுங்கள்.

சூடான தேநீரை அப்படியே குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கலங்கிப் போகும். காஃபீனும் துவர்ப்புப் பொருள்களும் குளிரில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வரும் கலங்கல் அது, கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. முதலில் அறை வெப்பத்தில் ஆறவிட்டால் குறையும். கலங்கிவிட்டால் கொஞ்சம் கொதிநீர் சேருங்கள், தெளியும்.

இந்தக் கலவை ஒன்றும் புதுமையல்ல. 17ஆம் நூற்றாண்டிலேயே கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ‘பஞ்ச்’ என்று குடித்ததன் பேரப்பிள்ளைதான். மது, சீனி, எலுமிச்சை, தண்ணீர், வாசனைப்பொருள் என்று ஐந்து சேர்ந்ததால் ‘ஐந்து’ என்ற வடநாட்டுச் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்று நெடுங்காலமாகச் சொல்கிறார்கள். தண்ணீர் இருந்த இடத்தில் பின்னாளில் தேநீர் வந்து உட்கார்ந்தது. என் அப்பாவுக்கு இந்த வரலாறு எதுவும் தேவைப்படவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு, “இதுக்குள்ள ஏன் தேத்தண்ணியை ஊத்திக் கெடுத்தனீ?” என்றார். இரண்டாவது கோப்பையும் வாங்கினார்.

நீலநிறத்தில் இருந்து ஊதாவாக மாறுமே, அந்தப் பானம் இதுதானா?

இல்லை, அது சங்குப்பூ. நம் வேலியோரச் சங்குப்பூவின் நீலச்சாயம் புளிப்புப் பட்டால் ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும் மாறும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் விக்டோரியாவுக்கு அருகே தயாராகும் எம்ப்ரஸ் 1908 ஜின் இதனால்தான் நீலமாக இருக்கிறது. அதில் கறுப்புத் தேயிலையும் சேர்கிறது. கண்ணுக்கு விருந்து, பிள்ளைகளின் சர்பத்துக்கு மிகப் பொருத்தம். மணம் என்று பார்த்தால் சங்குப்பூவிடம் கிட்டத்தட்ட எதுவுமில்லை. உலர்ந்த பூ ஐந்தாறை மல்லிகைக் குளிர்தேநீரோடு ஊறவைத்து நிறத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாமிமாரும் பிள்ளைகளும் வருவார்கள். குடிக்காதவர்களுக்கு என்ன கொடுப்பது?

ஜின்னை எடுத்துவிட்டுச் சோடாவைக் கூட்டினால் வெறும் எலுமிச்சைச் சாறு மாதிரி இருக்கும். மாமி ஒரு வாய் குடித்துவிட்டு மேசையில் வைத்துவிடுவார். குளிர்தேநீரை இரட்டிப்பாக்குங்கள். குளிர்ந்த தண்ணீரில் ஊறும்போது இலை கசப்பைக் குறைவாகத்தான் விடும், எனவே தேயிலையைத் தாராளமாகப் போடலாம். இரண்டு இஞ்சித் துண்டுகளை நசுக்கிப் பாகில் போட்டால், மது இல்லாத குறையை அந்தக் காரம் கொஞ்சம் நிரப்பும். பச்சைத் தேயிலையிலும் காஃபீன் உண்டு. பிள்ளைகளுக்குத் தேயிலை போடாமல் சங்குப்பூச் சர்பத்தாகக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு ஜக்கும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் என்பது உண்மையான ஆபத்து. மது உள்ள ஜக்கின் கைப்பிடியில் நான் சிவப்பு ரிப்பன் கட்டி, அதைத் தனி மேசையில் வைத்துவிடுகிறேன். பெயர் எழுதி ஒட்டியும் பார்த்தேன். ஐஸ் நீரில் எழுத்து கரைந்துபோனது.

முட்டை வெள்ளைக்கரு சேர்க்கவேண்டுமா?

கட்டாயமில்லை. நியூயார்க்கில் காக்டெய்ல் கலக்கிப் பெயர்பெற்ற ஆட்ரி சாண்டர்ஸ், ஏர்ல் கிரே என்ற மணமேற்றிய கறுப்புத் தேயிலை ஊறிய ஜின்னில் எலுமிச்சையும் வெள்ளைக்கருவும் சேர்த்துக் கலக்கிய பானம் உலகெங்கும் பரவியதால் இந்தக் கேள்வி வருகிறது. வெள்ளைக்கருவின் புரதமும் பாலைப் போலவே துவர்ப்பைத் தணிக்கும். ஜக்கில் கலக்கும் பானத்துக்கு அது ஒத்துவராது. ஒற்றைக் கோப்பையாகக் குலுக்கும்போது மட்டும் சரி. பச்சை முட்டை வேண்டாதவர்கள், டின்னில் வரும் கொண்டைக்கடலையின் தண்ணீரை 20 மி.லி. சேர்த்துக் குலுக்கலாம். நுரை அதிலும் கட்டும்.

பானத்தைக் குலுக்கும் ஷேக்கர் இல்லை.

மூடி இறுகும் கண்ணாடிப் போத்தல் போதும். ஊறுகாய்ப் போத்தலை மட்டும் எடுக்காதீர்கள். எத்தனை கழுவினாலும் மூடியில் இருக்கும் நல்லெண்ணெய் வாடை போகாது, அனுபவம் பேசுகிறது.

எவ்வளவு வலு? ஒரு கோப்பை குடித்துவிட்டுக் கார் ஓட்டலாமா?

மேலே சொன்ன அளவில் ஒரு கோப்பையில் சுமார் 45 மி.லி. ஜின் இருக்கிறது. கனடாவில் ஒரு ‘நிலையான அளவு’ என்பது 13.45 கிராம் தூய மது. இது அதைவிட இம்மியளவு கூடுதல். மணமும் இனிப்பும் வலுவை மறைத்துவிடுவதால் இரண்டாவது கோப்பை தானாகவே கைக்கு வரும். போதைப்பொருள் பயன்பாடு, அடிமைத்தனம் பற்றிய கனடிய மையம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டலில், வாரத்துக்கு இரண்டு அளவுக்குள் நின்றால்தான் ஆபத்து குறைவு என்கிறது. எண்ணிக் குடியுங்கள்.

ஓட்டுபவர் குடிக்கவேண்டாம், அவ்வளவுதான் என் பதில். ஒன்ராறியோவில் 21 வயதும் அதற்குக் கீழும் உள்ள ஓட்டுநர்களுக்கும் புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கும் இரத்தத்தில் மது சிறிதும் இருக்கக்கூடாது என்பது சட்டம். 19 வயது நிறையாத யாருக்கும் ஊற்றிக்கொடுக்காதீர்கள். உங்கள் மருமகன் எத்தனை உயரமாக வளர்ந்திருந்தாலும் சரி.

முதல் நாளே செய்து வைக்கலாமா? மிச்சம் வந்தால்?

ஜின்னை ஒரு வாரம் முன்பே ஊறவைத்து வடித்து, மூடிக் குளிரில் வைக்கலாம். இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகு மல்லிகை மெல்ல மங்கும். பாகும் தாங்கும். எலுமிச்சையை அன்றன்றே பிழியுங்கள். சாறு சேர்ந்த கலவை மறுநாள் குடிக்கலாம், ஆனால் சாற்றின் துடிப்பு அடங்கி, மணமும் மங்கி, ஏதோ பழைய சர்பத் போலாகிவிடும். சென்ற ஆண்டு இரண்டு கோப்பையளவு மிஞ்சியது. ஞாயிறு காலை அதை அச்சில் ஊற்றி உறையவைத்தேன். மது இருந்ததால் முழுதாகக் கெட்டியாகவில்லை. கரண்டியால் சுரண்டித் தின்னும் பதத்தில் நின்றது. பாத்திரம் கழுவி முடித்த பிறகு நானும் மனைவியும் படிக்கட்டில் உட்கார்ந்து அதைத் தின்று தீர்த்தோம்.